நானூற்றுப் பதினைந்து

வெள்ளைத் தூள். காய்ந்திருந்தால் முகப்பவுடர்,
ஈரம் பட்டால் வெண்டைக்காய் நறுக்கிய விரல்.
டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்து:
கெட்டியாக்கி, ஐ.என்.எஸ். 415.
மன்னார்குடியில் சொல்லிவைத்து வாங்கினேன்.

நூறு மில்லிக்குத் தலைதட்டிய கரண்டி ஒன்று.
கட்டி விழாமல் சுற்று, நாலு நிமிஷம் விடு.
கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது,
யோசித்து இறங்க வேண்டும்.
நீடாமங்கலம் ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான்,
அளவு எனக்குப் பெரிய வித்தையில்லை.
தண்ணீரை அளந்ததுதான் இல்லை.
அது இவர் வேலை.

மூணாறு தலைப்பில் இருபத்தாறு வருஷம் லஸ்கர்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
மூன்றுக்கும் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை
மாசியில் ஒரு காலை டம்ளரோடு கீழே போனது.
வலப்பக்கம் முழுக்க. பேச்சில் பாதி.

தஞ்சாவூர் மெடிக்கலில் ரெஜினா என்ற பெண்
தொண்டையைப் படம் போட்டுக் காட்டினாள்:
"கஞ்சி இறங்குது. தண்ணிதான் முந்திக்குது.
மூச்சுக்குழாய் மூடுறதுக்குள்ள உள்ள போயிடுது."
கோணிய வாயால் இவர் சொன்னார்:
"ஷட்டர்... லேட்டு."
அவளுக்குப் புரியவில்லை.

பில் போடும் ஜெகபர்தான் செல்போனை நீட்டினான்.
சிவப்புப் பின்னணி, மண்டையோடு, ஓர் ஆண்குரல்.
சாஸில், ஐஸ்கிரீமில் இந்த எண் இருந்தால்
குடல் பசையாய் ஒட்டுமாம், பத்துப் பேருக்கு அனுப்பணுமாம்.
"அக்கா, பாக்டீரியா கக்குறதாமே இது."
அன்று பாமாயில் பாக்கெட்டை இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டு முறையும் தப்பாக.

வேளாண்மை ஆபீசில் கேட்டேன். உண்மைதானாம்.
சம்பாப் பயிரை இலைநுனியிலிருந்து கருக்கி
வைக்கோலாக்குமே, அதற்குப் பங்காளி.
முட்டைக்கோசை அழுக வைக்கிற பங்காளி.
சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்து, கொன்று,
பசையை மட்டும் பிரித்துக் காயவைக்கிறார்களாம்.
அவர் சாதாரணமாகச் சொன்னார்.
எனக்கு உடம்பு கூசியது.

அந்தச் சாயங்காலம் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு
வெறும் தண்ணீர் கொடுத்தேன்.
குடலைக் காப்பாற்றுகிற எண்ணம்.
முதல் மடக்கில் இவர் முகம் மலர்ந்ததே,
அந்த ஒரு விநாடியை
நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
இருமல். உதட்டில் நீலம்.
பதினோரு நாள் ஆக்சிஜன் முகமூடி.

ரெஜினா திட்டவில்லை.
நல்லதா கெட்டதா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்றேன்.
"யாருக்கு, எவ்வளவுன்னு கேளுங்க.
குறைமாசக் குழந்தைக்குத் தரக்கூடாது.
இவருக்கு வயிறு உப்பும், இளகிப் போகும், பாத்துக்கலாம்.
மாத்திரையை இதுல கரைக்கிறதா இருந்தா கேட்டுட்டுச் செய்யுங்க.
நெஞ்சுக்குள்ள போற தண்ணியைவிட
இது எவ்வளவோ மேல்.
முழுசாத் தடுக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."
அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவளை நம்பினேன்.
செல்போன் குரல் சத்தியம் பண்ணியது.

இப்போது கலக்கும்போது எனக்கும் அரை டம்ளர்.
தண்ணீர் கேட்டு யாரோ எழுதிய மனு மாதிரி இருக்கிறது.
"இது தண்ணியில்ல" என்கிறார் தினமும்.
இல்லைதான் என்கிறேன்.
குடிக்கிறோம்.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள் ஆற்றில் வந்துவிட்டது.
புது லஸ்கர் பையன் அவசரக்காரன்,
சக்கரத்தை முறுக்குகிற சத்தம் வீடுவரை கேட்டது.
இவர் இடது கையைத் தூக்கிக் காற்றில்
ஒரே ஒரு சுற்று சுற்றி நிறுத்தினார்.
"மெதுவா" என்றார்.
பையனுக்குத்தான்.
நான் கரண்டியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.